மூட்டு அதிகமாக வளைவதைப் பற்றிப் படிக்க: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி கேட்டவர் ஒரு அம்மா. மகளுக்கு 12 வயது, பரதம் கற்கிறாள். உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இப்போது முட்டிச்சில்லு அடிக்கடி விலகுகிறது. சாயங்காலமானால் கால்வலி, இரண்டு பக்கம் எழுதினால் விரல்வலி. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு, "ஹைப்பர்மொபிலிட்டி, கனெக்டிவ் டிஷ்யூ பிரச்சினையாகக்கூட இருக்கலாம்" என்று, அதாவது மூட்டு அளவுக்கு மீறி வளைகிறது, உடம்பைப் பிணைத்துத் தாங்கும் இணைப்புத் திசுவில் குறை இருக்கலாம் என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் விலை சொல்கின்றன, ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் டாலரில் பணம் கேட்கிறது. குறைந்த செலவில் எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறார்.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். எனவே மகளுக்கு என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எதைப் படிக்கலாம், எதைப் படிக்காமல் விடலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. இந்தத் துறையில் விலை உயர்ந்த புத்தகம் எதையும் இப்போது வாங்கத் தேவையில்லை. நிபுணர்கள் எழுதியவற்றில் ஆகச் சிறந்தவை இலவசமாகவே கிடைக்கின்றன. அதைவிட முக்கியம், நீங்கள் கையில் எடுப்பது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்பது. 2017-க்கு முன், 2017-க்குப் பின் என்று இந்தத் துறையையே இரண்டாகப் பிரிக்கலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கியது, கிழிந்தது என்று பேச்சு இருந்தாலோ, பெண் வயதுக்கு மீறிய உயரமாகவும் கைகால் விரல்கள் மிக நீளமாகவும் இருந்தாலோ, கண்ணில் லென்ஸ் இடம் மாறியிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தாலோ, படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவும், கண் மருத்துவரிடம் காட்டவும் கேளுங்கள். இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பிறவி நோய்களான மார்ஃபான் நோய்க்குறி, எலர்ஸ்-டான்லோஸின் இரத்தநாள வகை, லோய்ஸ்-டீட்ஸ் நோய்க்குறி ஆகியவற்றில் ஆபத்து மூட்டில் இல்லை, இரத்தக்குழாயில் இருக்கிறது. மூட்டு வளைகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை எதுவும் இருக்காது. ஆனால் இல்லை என்று உறுதிசெய்வது மருத்துவரின் வேலை, கட்டுரையின் வேலை அல்ல.

சரி, இனி தேடல். பெரும்பாலானோர் முதல் நாளே தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். மருத்துவர் சொன்ன "கனெக்டிவ் டிஷ்யூ" என்பதோடு "டிசீஸ்" என்று சேர்த்துத் தேடுகிறார்கள். வந்து நிற்பது லூபஸ், ஸ்கிளிரோடெர்மா, ஸ்டீராய்டு மாத்திரை, ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனை. அது வேறு குடும்பம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் திசுவையே தாக்குவதால் வருபவை அவை. உங்கள் மருத்துவர் நினைத்தது பிறவியிலேயே இணைப்புத் திசுவின் கட்டுமானத்தில் இருக்கும் வேறுபாட்டை. அதற்கு ஆங்கிலத்தில் "ஹெரிடபிள் டிஸார்டர்ஸ் ஆஃப் கனெக்டிவ் டிஷ்யூ" என்று தேட வேண்டும். அந்த "ஹெரிடபிள்" (மரபுவழி வரும்) என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பாதி பயம் குறையும். குழந்தைக்கு லூபஸ் என்று முடிவு கட்டிவிட்டுக் கண்ணீரோடு வந்த பெற்றோரை நூலக மேசையில் உட்கார வைத்து இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாவது குழப்பம் பழைய பெயர்கள். டென்மார்க்கின் தோல் மருத்துவர் எட்வர்ட் எலர்ஸ் 1901-லும், பாரிஸைச் சேர்ந்த ஆன்ரி-அலெக்ஸாண்டர் டான்லோஸ் 1908-லும் விவரித்ததால் வந்த பெயர் எலர்ஸ்-டான்லோஸ்; மூட்டு அதிகமாக வளைவதும் தோல் இழுபடுவதும் இதன் பொது அடையாளம். அப்புறம் வந்தவர்கள் அதைப் பல வகையாகப் பிரித்தார்கள், மறுபடி மறுபடி பிரித்தார்கள். 1980-களின் கட்டுரைகளில் வகை 1, வகை 2 என்று ரோமன் எண்கள் இருக்கும். 1997-இல் பிரான்சின் வில்ஃப்ரான்ஷ் நகரில் கூடி ஆறு வகையாகச் சுருக்கினார்கள். 2017-இல் பதின்மூன்று வகை என்று புதிதாக வகுத்தார்கள். பின்னால் இன்னொன்றும் சேர்ந்தது. பழைய கட்டுரையில் "வகை 3" என்றிருப்பதும், இன்னொன்றில் "ஹைப்பர்மொபிலிட்டி டைப்" என்றிருப்பதும், புதியதில் "ஹைப்பர்மொபைல் எலர்ஸ்-டான்லோஸ்" என்றிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். பல பழைய எழுத்துகளில் வரும் "ஜாயிண்ட் ஹைப்பர்மொபிலிட்டி சிண்ட்ரோம்" என்ற பெயரை 2017-க்குப் பின் நிபுணர்கள் புதிதாக வைப்பதில்லை. அந்த இடத்தில் இப்போது "ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்" இருக்கிறது.

பெய்ட்டன், பிரைட்டன் என்று இரண்டு பெயர்கள் வந்தாலும் குழம்ப வேண்டாம். பெய்ட்டன் என்பது ஒன்பது மதிப்பெண் கணக்கு. இரண்டு சுண்டுவிரலும் பின்னால் 90 டிகிரிக்கு மேல் போகிறதா, இரண்டு கட்டைவிரலும் முன்கையைத் தொடுகிறதா, இரண்டு முழங்கையும் இரண்டு முழங்காலும் பின்பக்கமாகப் 10 டிகிரிக்கு மேல் வளைகிறதா, முட்டியை மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை முழுதாகத் தரையில் படிகிறதா, அவ்வளவுதான். பீட்டர் பெய்ட்டனும் கூட இருந்தவர்களும் தென்னாப்பிரிக்க மக்களிடம் ஆய்ந்து 1973-இல் வெளியிட்டது. பிரைட்டன் என்பது 1998-இல் வந்த வேறொரு வரையறை, இப்போது பழசு.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒன்பதுக்கு எட்டு வந்தாலும் அது நோய் அல்ல. மூட்டு எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு, அவ்வளவே. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிகம் வளையும், பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். இந்தியத் துணைக்கண்டத்தவருக்கு ஐரோப்பியரைவிட அதிகம் வளையும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐரோப்பியப் பெற்றோருக்காக எழுதிய துண்டுப்பிரசுரத்தைப் படித்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விரலை மடக்கிப் பார்த்தால் தெருவில் பாதிப் பேருக்கு நோய் இருப்பதாகத் தோன்றும். வலி, மூட்டு விலகல், தோல், குடும்ப வரலாறு எல்லாம் சேர்ந்தால்தான் பேச்சே தொடங்குகிறது.

இப்போது முதல் இலவசப் பொக்கிஷம். 2017 மார்ச்சில் "அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ஜெனிட்டிக்ஸ்" இதழின் "பார்ட் சி" முழுவதையும் எலர்ஸ்-டான்லோஸுக்கு ஒதுக்கினார்கள். உலகெங்கும் இருந்து நிபுணர்கள் கூடி எழுதியது. புது வகைப்பாடு, ஹைப்பர்மொபைல் வகையின் போக்கு, வலி மேலாண்மை, உடற்பயிற்சி சிகிச்சைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது, களைப்பு, எழுந்து நின்றால் வரும் தலைசுற்றல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை. யாரும் படிக்கலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். விலைக்குக் கிடைக்கும் பல புத்தகங்கள் இந்த இதழைத்தான் எளிய நடையில் திருப்பிச் சொல்கின்றன. எலர்ஸ்-டான்லோஸ் சொசைட்டியின் இணையதளத்தில் எல்லாக் கட்டுரைக்கும் இணைப்பு இருக்கிறது.

அந்தத் தளத்திலேயே ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் ஒன்று பி.டி.எஃப்.-ஆகக் கிடைக்கும், ஹைப்பர்மொபைல் வகைக்கானது. அதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டால் மீதி எல்லாம் புரியும். மூன்று நிபந்தனை. முதலாவது பெய்ட்டன் மதிப்பெண்: 50 வயது வரையிலான பெரியவர்களுக்கு 5, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 4, பூப்படையாத பிள்ளைகளுக்கு 6. இரண்டாவதில் மூன்று பிரிவு, அவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். முதல் பிரிவில் மட்டும் பன்னிரண்டு அடையாளங்கள்: வெல்வெட் போன்ற மென்மையான தோல், காரணமில்லாமல் வரும் தோல் வரிகள், நின்றால் குதிகாலில் எழும் சின்னச் சின்னப் புடைப்புகள், அடிக்கடி வரும் குடலிறக்கம், நெருக்கியடித்த பல்வரிசை, உயரத்தைவிட விரித்த கைகளின் நீளம் அதிகமாக இருப்பது என்று போகும். இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அடுத்த பிரிவு பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது இதே நோய் உறுதியாகியிருப்பது. மற்றது வலியும் மூட்டு விலகலும். மூன்றாவது நிபந்தனை வேறு நோய் எதுவும் இல்லை என்று விலக்குவது.

அந்த மூன்றாவதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் அதுதான் முதுகெலும்பு. மற்ற எலர்ஸ்-டான்லோஸ் வகைகளுக்கு மரபணு தெரியும், பரிசோதனை உண்டு. ஹைப்பர்மொபைல் வகைக்கு மட்டும் மரபணு இன்னும் பிடிபடவில்லை. அதற்காகச் செய்யும் மரபணுச் சோதனை மற்ற வகைகளை விலக்குவதற்குத்தான். "எலர்ஸ்-டான்லோஸ் ஜீன் டெஸ்ட்" என்று மொத்தமாக விளம்பரம் செய்து பணம் கேட்பவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எந்த வகையைத் தேடுகிறீர்கள்?

இவ்வளவு சொன்னாலும், உங்கள் மகளுக்கு 12 வயதுதான் என்பதால் அந்தத் தாளை வைத்து நீங்களே குறி போட வேண்டாம். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கட்டுரை 2023-இல் "ஆர்ஃபனெட் ஜர்னல் ஆஃப் ரேர் டிசீசஸ்" இதழில் வந்தது. அந்த இதழே முழுக்க இலவசம். உடல் முழு வளர்ச்சி அடையும்வரை 2017-இன் ஹைப்பர்மொபைல் வரையறையைப் பிள்ளைகள்மீது பொருத்த வேண்டாம் என்று சொல்லி, அவர்களுக்கென்று வேறொரு சட்டகத்தை அது முன்வைக்கிறது. "பீடியாட்ரிக் ஜாயிண்ட் ஹைப்பர்மொபிலிட்டி, டயக்னாஸ்டிக் ஃப்ரேம்வொர்க்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் முதலில் வந்து நிற்கும். ஒரே ஒரு கட்டுரைதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் உங்கள் நிலையில் நான் இதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது "ஜீன்ரிவ்யூஸ்". அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்துவது. அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. புக்ஷெல்ஃப் தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. ஒவ்வொரு மரபு நோய்க்கும் ஓர் அத்தியாயம், அந்த நோயையே ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள் எழுதியது. ஹைப்பர்மொபைல் வகை, கிளாசிக்கல் வகை, இரத்தநாள வகை, மார்ஃபான், லோய்ஸ்-டீட்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு.

அதைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. நேராக மேலிருந்து படிக்க ஆரம்பித்தால் இரண்டாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். தலைப்புக்குக் கீழே தேதிகள் இருக்கும்: முதலில் எப்போது வெளியிட்டார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று. முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் "சம்மரி" மட்டும். அதிலிருந்து நேரே "மேனேஜ்மென்ட்" பகுதிக்குத் தாவுங்கள். அங்கே என்ன செய்யலாம், எதை அவ்வப்போது கண்காணிக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஹைப்பர்மொபைல் அத்தியாயத்தில் மூட்டை அதன் எல்லைக்கு மேல் வளைக்கும் எதையும் தவிர்க்கச் சொல்கிறது. விரலுக்குச் சிரமம் தராமல் இருக்க அகலமான பிடியுள்ள பேனாவைப் பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் பெண்ணின் விரல்வலிக்கு மூன்று மாதம் காத்திருக்காமல் நாளைக்கே ஸ்டேஷனரி கடையில் தடித்த பேனா வாங்கிப் பார்க்கலாம், அல்லது பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடி. மரபணு, மூலக்கூறு என்று போகும் கடைசிப் பகுதிகளை விட்டுவிடுங்கள்; மரபியல் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அவருக்கு வேண்டியவை அவை.

ஆங்கிலம் இவ்வளவு கடினமாக வேண்டாம் என்றால் "மெட்லைன்ப்ளஸ்". இதுவும் அமெரிக்க அரசினுடையது. பள்ளி முடித்தவருக்குப் புரியும் மொழியில் இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுவார்கள். பிரிட்டன் பக்கம் போனால் அந்நாட்டு அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். தளத்தில் மூட்டு ஹைப்பர்மொபிலிட்டி பற்றி ஒரு பக்கம், "ஆர்த்ரைட்டிஸ் யு.கே." (முன்பு "வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ்") அமைப்பிடம் இலவசத் தகவல். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை போன்றவை பெற்றோருக்குக் கொடுக்கும் துண்டுப்பிரசுரங்களை இணையத்திலும் போட்டு வைக்கின்றன. வீட்டில் என்ன செய்வது, பள்ளியில் என்ன சொல்வது, எந்த விளையாட்டை எவ்வளவு விடலாம் என்ற நடைமுறை விஷயத்தில் தடித்த புத்தகங்களைவிட இந்தத் துண்டுப்பிரசுரங்களையே நான் நம்புவேன். தினமும் பெற்றோரின் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த எழுத்து அது. ஆனால் "உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொன்னால் சிறப்புப் பிரிவுக்கு அனுப்புவார்" என்பது மாதிரியான வரிகள் அந்த ஊர் ஏற்பாடு. நம் ஊரில் வாதநோய் மருத்துவர், குழந்தை மருத்துவர், உடலியக்க சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்) மூவரையும் நாமே தேடித்தான் போக வேண்டும்.

மருத்துவருக்கே கொடுக்கத்தக்க ஒன்றும் உண்டு. பிரிட்டனின் பொதுமருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியும் எலர்ஸ்-டான்லோஸ் சப்போர்ட் யு.கே. அமைப்பும் சேர்ந்து ஒரு கையேடு தயாரித்து இணையத்தில் வைத்திருக்கின்றன. சிறப்பு மருத்துவர் அல்லாத ஒரு மருத்துவர் இந்தப் பிரச்சினையை எப்படி அணுகுவது என்பதைப் பற்றியது. நம் ஊர் குடும்ப மருத்துவருக்கும் பொருந்தும்.

இனிப் பணம் கேட்கும் கட்டுரைகள். ஒரு கட்டுரைக்கு நாற்பது டாலர் என்று திரையில் வந்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், ஆனால் பணமும் கட்டாதீர்கள். அதே தலைப்பை அப்படியே எடுத்து, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் "பப்மெட்" தளத்தில் ஒட்டிப் பாருங்கள். இடப்பக்கம் "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதைத் தொட்டால் முழுதாகப் படிக்கக்கூடியவை மட்டும் மிஞ்சும். அவற்றில் பெரும்பங்கு 2000-இல் தொடங்கிய "பப்மெட் சென்ட்ரல்" கிடங்கில் இருக்கிறது. கணினியில் படிப்பவர் என்றால் "அன்பேவால்" என்ற சின்ன நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணக் கட்டுரை ஒன்றின் சட்டப்படியான இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து காட்டும். அதிலும் இல்லையா, கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கான ஆசிரியர் என்று ஒருவருடைய மின்னஞ்சல் இருக்கும். என் மகளுக்காகப் படிக்க வேண்டும், பிரதி அனுப்ப முடியுமா என்று மூன்று வரி எழுதுங்கள். நீங்கள் கட்டும் நாற்பது டாலரில் அவருக்கு ஒரு காசும் போவதில்லை, அனுப்புவதில் அவருக்கு நஷ்டமும் இல்லை. பலர் அனுப்பிவிடுவார்கள்.

உறவில் யாராவது அரசுக் கல்லூரியில் படித்தால் இன்னும் எளிது. "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. முப்பது பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். மருத்துவக் கல்லூரியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகனிடம் கேட்டுப் பாருங்கள். தனக்கு இப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அவன் கல்லூரி நூலகர் சொல்லிக் கொடுப்பார்.

நூலகங்களைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023-இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மருத்துவப் பாடநூல்களைப் பார்க்கலாம். ஆனால் எலர்ஸ்-டான்லோஸுக்கென்றே தனிப் புத்தகம் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். வாதநோயியல் அல்லது மரபியல் பாடநூலில் ஓர் அத்தியாயம் படிக்கலாம், அந்த அளவுக்கு ஜீன்ரிவ்யூஸிலேயே இருக்கிறது. நூலகங்களை இணைக்கும் டெல்நெட் வலையமைப்பில் உறுப்பாக இருக்கும் கல்லூரி நூலகம் என்றால் வேறு ஊர் நூலகத்திலிருந்து புத்தகத்தைக் கடனாக வரவழைக்க முடியும். நூலகரிடம் கேட்டால் போதும், யாரும் கேட்காததால்தான் அந்த வசதி தூங்குகிறது.

இதையெல்லாம் படித்த பிறகும் கையில் ஒரு புத்தகம் வேண்டும் என்று தோன்றலாம். நியாயமான ஆசைதான். அப்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள். நோயாளிகளிடையே பெயர் பெற்ற பிராட் டிங்கிளின் கையேடு 2010-இல் வந்தது. அன்றாட வாழ்க்கைக்கான யோசனைகள் இன்றும் நல்லவை, ஆனால் நோயை வரையறுக்கும் பகுதி அத்தனையும் 2017-க்கு முந்தையது. கெவின் மல்டௌனியின் 2015 புத்தகம் உடற்பயிற்சி முறைக்கானது. பயிற்சிக்கு வரையறை மாறியதால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் அது உடலியக்க சிகிச்சையாளருடன் சேர்ந்து பயன்படுத்த எழுதப்பட்டது. அம்மாவும் மகளும் ஹாலில் பாய் விரித்துச் செய்வதற்கு அல்ல. எதை வாங்குவதென்றாலும் முதலில் கிண்டிலில் இலவச மாதிரியை இறக்கிப் படியுங்கள். முதல் அத்தியாயமே பல நேரம் போதுமானதாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் அச்சுப் பிரதியைவிட மின்பதிப்பு மலிவு.

பழைய புத்தகம் ஏன் ஆபத்து என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் பெருந்தமனி வீங்கவோ கிழியவோ காரணமாகலாம், மார்ஃபான், எலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு வேறு வழி இல்லாதபோது மட்டுமே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது 2018 டிசம்பரில். அதற்கு முன் அச்சான எந்தப் புத்தகத்திலும் இந்த எச்சரிக்கை இருக்க வழியில்லை. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே சிப்ரோ கிடைத்துவிடுகிறது. எஃப்.டி.ஏ. தளத்தில் அந்த அறிவிப்பு இலவசம். நோய் உறுதியாகிறதோ இல்லையோ, உங்கள் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராமில் சுற்றும் பி.டி.எஃப்.களைப் பற்றியும் இதே காரணத்தால்தான் சொல்கிறேன். திருட்டுப் பிரதி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு, சில நேரம் முன்பக்கமே இல்லாமல் இருக்கும்; எந்த ஆண்டு என்றே தெரியாது. இலவசமாகப் புதியது கிடைக்கும்போது திருட்டுத்தனமாகப் பழையதை எதற்குப் படிக்க வேண்டும்?

சாட்பாட்டிடம் கேட்கலாமா என்றால், ஒரு கடினமான பத்தியை ஒட்டி எளிய தமிழில் சொல்லச் சொல்லலாம். நல்ல கட்டுரைகள் நாலு சொல் என்று கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் அழகாகச் செய்து கொடுத்துவிடும். கொடுத்தால் தலைப்பைப் பப்மெட்டில் ஒட்டிப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் தூக்கிப் போடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பும் அப்படித்தான், மெட்லைன்ப்ளஸ் மாதிரியான எளிய பக்கத்துக்கு ஒப்பேற்றும். மருந்தின் பெயரும் எண்ணும் வரும் இடங்களில் மட்டும் ஆங்கில மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். தமிழில் இதற்கென்று முழுமையான ஒரு நூல் என் கண்ணில் பட்டதில்லை.

இன்னொரு கூட்டம் மாத்திரை விற்பவர்கள். 2023-இல் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தினர் ஃபோலேட் சத்தையும் ஒரு மரபணு வேறுபாட்டையும் ஹைப்பர்மொபிலிட்டியோடு இணைத்து ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள். கருதுகோள்தான், நிரூபணம் அல்ல. அதைக் காட்டி விலை உயர்ந்த ஃபோலேட் மாத்திரை விற்கும் பக்கங்கள் ஏராளம். மாத்திரைக்கான பொத்தான் இருக்கும் பக்கத்தில் உள்ள கட்டுரையை நான் கட்டுரையாகவே கணக்கில் வைப்பதில்லை. கொலாஜன் பவுடருக்கும் இதேதான். திசுவைக் கட்டும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாட்டைப் பவுடர் குடித்துச் சரிசெய்ய முடியாது.

படித்ததை என்ன செய்வது? செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் ஜெராக்ஸ் கடையில் செய்யுங்கள். 2023 கட்டுரையையும் ஜீன்ரிவ்யூஸின் மேனேஜ்மென்ட் பகுதியையும் இருபக்கமும் அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கட்டை அப்படியே மருத்துவரின் மேசையில் வைக்காதீர்கள். "கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா?" என்ற கேள்வி வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். அவருக்கு ஒரே தாள் போதும். ஒரு பக்கத்தில் எந்த மூட்டு எந்தத் தேதியில் விலகியது, தானாகத் திரும்பியதா, எத்தனை நாள் வலித்தது, குடும்பத்தில் யாருக்கு என்ன என்று உங்கள் கையெழுத்தில். மறுபக்கத்தில் கட்டுரையின் தலைப்பும் ஆண்டும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் அவரே தேடிப் படிப்பார்.

உடலியக்க சிகிச்சையாளருக்கு 2017 இதழில் உள்ள உடற்பயிற்சிக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவர்கள் பெரும்பாலும் விறைத்துப்போன மூட்டை வளைய வைத்தே பழகியவர்கள். வளைவதை நிறுத்திப் பிடித்து வைக்கும் தசையைப் பலப்படுத்துவது வேறு வேலை, மெதுவாக நடக்கிற வேலை.

நாட்டிய ஆசிரியைக்குக் கட்டுரை எதுவும் வேண்டாம், நீங்களே நேரில் சொல்லுங்கள். அரைமண்டியில் உட்காரும்போது முழங்காலைப் பாதத்தின் திசையிலேயே வைக்கச் சொல்வதும், நிற்கும்போது முட்டியைப் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதும் அவர் கையில் இருக்கிறது. "இவளுக்குத்தான் நன்றாக வளைகிறதே" என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார வைப்பதை மட்டும் நிறுத்தினாலே பெரிய விஷயம். நடனத்தையே விட வேண்டுமா என்பதைச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும். விடச் சொல்லும் கட்டுரை எதையும் நான் மேலே குறிப்பிடவில்லை.

கடைசியாக ஒரு தகவல். 2017 வரையறையைப் புதுப்பிக்கும் பணியை "ரோட் டு 2026" என்ற பெயரில் எலர்ஸ்-டான்லோஸ் சொசைட்டி முன்னெடுத்திருக்கிறது. அது வெளியானால் மேலே நான் எழுதிய பெய்ட்டன் எண்களும் பன்னிரண்டு அடையாளக் கணக்கும் மாறலாம். ஆகவே சரிபார்ப்புத் தாளை அச்செடுக்கும் அன்று அவர்கள் தளத்திலிருந்தே புதிதாக இறக்குங்கள். வேறு யாராவது அனுப்பிய பிரதியை அச்செடுக்க வேண்டாம்.